அழுமூஞ்சி அண்ணனின் வறண்ட கண்கள்

கடலூர் மாவட்டத்தில் அவரளவுக்குக் கண்ணீர் விட்ட மனிதர் இன்னொருவர் கிடையாது. அவரளவுக்குச் சந்தோஷமான மனிதரும் இன்னொருவர் கிடையாது. ஜோக் சொல்லிக்கொண்டிருப்பார், கன்னத்தில் தண்ணீர் வழியும். பிரியாணி பொட்டலத்தைப் பிரிப்பார், வழியும். கிரிக்கெட்டில் நம் ஆட்கள் ஜெயித்தாலும் வழியும், தோற்றாலும் வழியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவர் பெயர் அழுமூஞ்சி அண்ணன்தான். யார் வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. போனில் யாராவது "யாருங்க பேசுறது?" என்றால், "அழுமூஞ்சிதாம்ப்பா, சொல்லு" என்பார். பிறகு அவரே சிரிப்பார். சிரிக்கும்போதும் வழியும்.

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் கடை. ஃப்ளெக்ஸ் பேனர், போஸ்டர் அடிக்கிற கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் பிறந்து ஒரே மிஷினில் வெளியே வரும். நான் கவுன்டரில் ஆர்டர் எடுப்பவள். அண்ணன் டிசைனர். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார்.

கடையில் இருந்தது ஒரே ஒரு ஏ.சி. அதுவும் மிஷினுக்காகப் போட்டது. அதன் காற்று நேராக வந்து விழும் நாற்காலி ஒன்று உண்டு. அதில்தான் அண்ணன் உட்காருவார். சீனியர் என்ற முறையில் கிடைத்த இடம். வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் பின்னால் வந்து நின்று தொண்டையைக் கனைப்பார். உட்கார்ந்துவிட்டால் ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். ஒருவருடைய மீசையைப் படத்திலிருந்து முடி முடியாகப் பிரித்தெடுக்கும்போது அவர் இமைத்து நான் பார்த்ததே இல்லை. இமைக்காமல் இருப்பவர்கள் தேவர்கள்தான் என்று கதாகாலட்சேபத்தில் கேட்டிருக்கிறேன். ஆனால் தேவர்களுக்கு ஏ.சி. காற்று மூஞ்சியில் அடிப்பதில்லை.

அவர் புகழ் பரவியது சக்திவேலால்தான். சக்திவேல் கடலூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், ஊர் பண்ருட்டிப் பக்கம். அப்பா இறந்துவிட்டார் என்று ஒரு போட்டோவோடு வந்தார். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். அப்பா கையில் ஐஸ்கிரீம் கப், வாயில் மரக் கரண்டி. அண்ணன் முதலில் கரண்டியை எடுத்தார். பிறகு கப்பை எடுத்தார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்து, மெதுவாக ஒரு மாலை போட்டார். சக்திவேல் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தாடையிலிருந்து சொட்டு சொட்டாகக் கீபோர்டில் விழுந்துகொண்டிருந்தது.

"எங்க அப்பாவத் தெரியுமாண்ணே ஒங்களுக்கு?"

"இல்ல தம்பி. இது கண்ணு பிரச்சன. நீ ஒண்ணும் நெனச்சுக்காத."

"மறைக்காதீங்கண்ணே. எங்க சித்தப்பா பெரியப்பாலாம் பந்தல யாரு போடுறதுன்னு சண்ட போட்டுட்டு நிக்கிறாங்க. எங்க அப்பாவுக்காக அழுத மொத ஆளு நீங்கதான்."

சொல்லிவிட்டு சக்திவேலும் அழுதார். அதற்கு மேல் எப்படி விளக்குவது? அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரியத்துக்கு அவசியம் வரணும் என்று சக்திவேல் சொல்ல, மறுக்க முடியாமல் அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு பண்ருட்டிக்குப் போனார். போன இடத்தில் ஹோமப் புகை. கேட்கவே வேண்டாம். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் "யாருப்பா இந்த ஆளு, கூடப் பொறந்தவனாட்டம் அழுவுறாரு" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டில் எங்களுக்குத்தான் முதல் பந்தி. சக்திவேலின் அம்மா சுவர் ஓரமாக உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணனைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் துடைத்துக்கொண்டார்.

அதிலிருந்து கண்ணீர் அஞ்சலி என்றால் எங்கள் கடைதான். நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, முதுநகர் என்று தேடிக்கொண்டு வந்தார்கள். "அந்த அழுவுற டிசைனர் இருக்காராம்மா? அவருகிட்டயே குடுங்க" என்பார்கள். முதலாளிக்குச் சந்தோஷம். அண்ணனுடைய நாற்காலியைக் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டார். சந்தோஷ காரியங்களுக்கு யாராவது வந்தால் மட்டும் நடுவில் ஒரு திரையை இழுத்துவிட வேண்டும். அது என் வேலை.

திரையை இழுக்க மறந்த நாளில்தான் வம்பு. சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் கல்யாண பேனருக்கு வந்திருந்தார்கள். அண்ணன், மணப்பெண்ணின் போட்டோவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உற்றுப் பார்க்கிறார், கண்ணீர் ஆறாக ஓடுகிறது. மாப்பிள்ளையின் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது? இவருக்கும் பொண்ணுக்கும் முன்னாடியே எதனா பழக்கமா?"

"அய்யோ, அவருக்கு வயசு என்னங்க ஆவுது. அது கண்ணு கோளாறுங்க."

"அதான் கேக்குறேன். எந்த மாதிரி கோளாறு?"

கட்சிக்காரர் ஒருவர் இன்னும் மோசம். தன் தலைவருடைய பிறந்தநாள் பேனரைப் பார்த்து அண்ணன் அழுததை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. "ஆயிரத்துல ஒருத்தரப் பாத்து எதுக்கு அழுவுற? எதிர்க்கட்சியா நீ?" என்று சட்டையைப் பிடிக்க வந்துவிட்டார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: "பாசம்ண்ணே." அந்த ஆள் அப்படியே உருகி, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பஸ்ஸிலும் இதே கதை. அண்ணனுக்கு ஜன்னல் ஓர சீட்தான் வேண்டும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக உப்புக் காற்று மூஞ்சியில் அறைய, அழுதுகொண்டே சிதம்பரம் போய்ச் சேருவார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்த ஓர் அம்மா, "வீட்டுக்கே போயிடுப்பா. பொண்டாட்டிகிட்ட மன்னிப்பு கேட்டா ஒண்ணும் கொறைஞ்சுட மாட்ட" என்று பி.முட்லூர் வரை புத்தி சொல்லி இறங்கிப் போனாராம். அண்ணன் வீட்டுக்குப் போய் எதற்கும் இருக்கட்டும் என்று மன்னிப்பும் கேட்டிருக்கிறார். அவர் மனைவி செல்வி அக்கா, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். "எதுக்கு மன்னிப்பு? என்ன பண்ணிட்டு வந்த?" என்று தொடங்கிய விசாரணை அன்று இரவுச் சாப்பாடு முடிந்தும் முடியவில்லையாம்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். பன்னீர் விட்டார். தேன் விட்டார். ஒரு நாள் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வந்து, காலை முழுக்க ஸ்கிரீனுக்குப் பதில் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ சொன்னார்கள் என்று சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டார். கண் பளிச்சென்று வெள்ளையாகும், மாலைக்குள் முன்னைவிடச் சிவக்கும். மறுபடி போடுவார். மச்சான் ஒருவருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது மிச்சமிருந்த மருந்தையும் விட்டுவைக்கவில்லை. "மருந்துதானம்மா, வீணாப் போவக்கூடாது" என்பார்.

பிறகு கொஞ்ச நாளில் ஜோக்குகள் குறைந்தன. எனக்கு அதுதான் முதலில் உறைத்தது. டீ குடிக்கும்போது பேசாமல் இருப்பார். கண்ணில் மண் விழுந்த மாதிரி அறுக்கிறது என்று தேய்ப்பார். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிவதாகவும், கண்ணை மூடித் திறந்தால் ஒரு நிமிஷம் தெளிவாகி, மறுபடி கலங்குவதாகவும் ஒரு நாள் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னார். வீட்டில் சொன்னீர்களா என்றேன். "அவகிட்ட சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துனு போவா" என்றார். அதைத்தானே செய்ய வேண்டும் என்றேன். டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்தச் சமயத்தில்தான் மணமகள் பேனர் வந்தது.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வைக்கிற பெரிய பேனர். அவசர ஆர்டர் என்று நேராக மிஷினுக்குப் போய்விட்டது. மறுநாள் முகூர்த்த நேரத்தில் முதலாளியின் போன் ஓயாமல் அடித்தது. பேனரில் இரண்டு படம். ஒன்றில் பட்டுப்புடவை கட்டிய பெண், கீழே 'மணமகள்'. இன்னொன்றில் கிடா மீசை வைத்த மாப்பிள்ளை, கீழே அதே 'மணமகள்'. 'ன்' இருக்க வேண்டிய இடத்தில் 'ள்' உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் அந்தப் பேனர் முன்னால் நின்று ஒருவர் விடாமல் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்களாம். மாப்பிள்ளையின் அப்பா, பேனர் அடித்தவன் யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

முதலாளி நல்ல மனுஷன். அவரே சிதம்பரத்துக்குப் போய்ச் சமாதானம் பேசி, 'ள்' மேல் 'ன்' ஒட்டிவிட்டு வந்தார். அண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்று மத்தியானம் அண்ணன் மிஷினுக்குப் பின்னால், ஃப்ளெக்ஸ் ரோல்கள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பா பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது.

"நல்லா உத்துப் பாத்துதாம்மா போட்டேன். எனக்கு அது 'ன்'னாதான் தெரிஞ்சுது."

"அதுக்கு என்னண்ணே. தப்பு வராத கடை எது?"

"அதுக்கில்ல. கண்ணு போவுதுன்னு நெனைக்கிறேன். எங்க அப்பா கடைசில தடவித் தடவிதான் நடந்தாரு. எனக்கு டிசைன விட்டா வேற ஒண்ணும் தெரியாது. டாக்டர்ட்ட போனா அவரு அதையே சொல்லிட்டாருன்னா? சொல்லாத வரைக்கும் ஒரு தெம்புல ஓட்டிடலாம்னு பாக்குறேன்."

அப்போதும் அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது அழுகையா வழக்கமானதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வெளியே வந்து செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் காலை சிதம்பரம் பஸ்ஸிலிருந்து அண்ணன் இறங்கினார். பின்னாலேயே செல்வி அக்கா இறங்கினார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அதே பஸ்ஸில் பின் சீட்டில் வந்திருக்கிறார். அண்ணனுக்கு அது தெரியாது. "கடைக்குத்தான போற, நானும் வரேன், வழியில ஒரு வேல இருக்கு" என்றார். என்னையும் கூட வரச் சொன்னார். "இந்த மனுசன் டாக்டர்ட்ட பாதி சொல்வாரு, மீதிய நீ சொல்லணும்."

கண் டாக்டர் ஓர் இளம் பெண். நிதானமாகப் பேசுகிறவர். அண்ணனின் கீழ் இமைக்குள் காகிதப் பட்டை ஒன்றைச் சொருகி வைத்தார். மஞ்சளாக ஏதோ சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். இமை ஓரத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு உங்கள் போனில் ஏதாவது படியுங்கள் என்று சொல்லிவிட்டு, சும்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் நெளிந்தார். கடைசியில் டாக்டர் சொன்னார்:

"உங்களுக்குக் கண்ணு வறண்டு போயிருக்கு."

அண்ணன் என்னைப் பார்த்தார். செல்வி அக்காவைப் பார்த்தார். தாடையில் தொங்கிக்கொண்டிருந்த சொட்டை விரலில் எடுத்து டாக்டரிடம் காட்டினார்.

"டாக்டர், தப்பா நெனைக்காதீங்க. வேற யார் சீட்டயாவது பாத்து சொல்லிட்டீங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்க சீட்டுதான் சார். கண்ணீர்ல வெறும் தண்ணி மட்டும் இல்ல, எண்ணெயும் இருக்கு. இமை ஓரத்துல இருக்கற சின்னச் சின்ன சுரப்பிங்க அத சுரக்கும். உங்களுக்கு அது அடச்சிக்கிச்சு. எண்ணெய் இல்லாததால கண்ணீர் கண்ணுல தங்காம காஞ்சிடுது. காஞ்சதும் கண்ணு எரியுது. எரிஞ்சதும் அவசரத்துக்கு ஒரேயடியா தண்ணிய அனுப்புது. தெருக்குழாய்ல தண்ணி வரலன்னு டேங்கர் லாரி அனுப்புறாங்க, அது குடத்துல பிடிக்க முடியாம ரோட்டுல கொட்டிட்டுப் போவுது. அந்த மாதிரிதான்."

"அப்ப இத்தன நாளா நான் ரோட்டுலயா கொட்டினேன்?"

"ஆமா. அப்புறம் நீங்க இமைக்கவே மாட்டேங்கறீங்க. இமைச்சாலும் பாதிதான் மூடுறீங்க."

"முழுசா மூடித் தொறந்தா அதுக்குள்ள கலரு மாறிடுமோன்னு ஒரு பயம் டாக்டர்."

செல்வி அக்கா பன்னீர், தேன், விளக்கெண்ணெய், மச்சான் மருந்து என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொடுத்தார். நான் ஏ.சி. நாற்காலியையும் பஸ் ஜன்னலையும் சொன்னேன். தும்மலுக்கு அடிக்கடி ஒரு மாத்திரை போடுவார் என்பதும் வெளியே வந்தது. டாக்டர் மச்சான் மருந்தில் மட்டும் கொஞ்சம் கோபப்பட்டார். அடுத்தவர் மருந்தைக் கண்ணில் விடுவது விளையாட்டு இல்லை, சிவப்பைப் போக்கும் மருந்தையும் இன்றோடு நிறுத்துங்கள் என்றார். அந்தத் தும்மல் மாத்திரையும் வறட்சியைக் கூட்டும், கொடுத்த டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

அண்ணன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவே இல்லை. செல்வி அக்காதான் கேட்டார். "டாக்டர், கண்ணு போயிடுமா?"

"போவாது. கவனிக்காம விட்டா கருவிழியில புண்ணு வரும், அதுக்குத்தான் கவனிக்கணும். சுத்தமா தீந்துடும்னு சொல்ல மாட்டேன். சர்க்கரை மாதிரி, கட்டுப்பாட்டுல வச்சிக்கிட்டு நல்லா இருக்கலாம். டிசைன் வேலையும் தாராளமா பாக்கலாம்."

அண்ணன் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து மருந்துக் கடைப் பக்கம் நின்றபோது செல்வி அக்கா அவர் முதுகில் ஓர் அடி வைத்தார். "இதுக்காய்யா இத்தன மாசம் எங்கிட்ட மறைச்ச?" அண்ணன் அதற்கும் சிரித்தார். பல நாள் கழித்து வந்த சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சோதனை ஆரம்பித்தது. எதையும் அளவோடு செய்யத் தெரியாதவர் அவர். இமைக்காமல் இருந்ததை எவ்வளவு தீவிரமாகச் செய்தாரோ, அதைவிடத் தீவிரமாக இமைக்க ஆரம்பித்தார்.

முதல் வேலையாக ஏ.சி. நாற்காலியைத் துறந்தார். மிஷின் ஆபரேட்டர் பாபுவைக் கூப்பிட்டு, "இனிமே இது ஒன்னுது. ஆனா காத்து மூஞ்சில படாம திருப்பிப் போட்டுதான் ஒக்காரணும்" என்று பட்டாபிஷேகம் செய்துவைத்தார். ஸ்கிரீனைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் கம்ப்யூட்டர் டேபிளின் காலையே அறுத்தார். அறுத்ததில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அடியில் விசிட்டிங் கார்டு கட்டு ஒன்றைச் செருகினார்.

டாக்டர் எழுதிக் கொடுத்த புதுச் சொட்டு மருந்தோடு, வெதுவெதுப்பான துணியைக் கண் மேல் வைத்து ஒத்தடமும் கொடுக்க வேண்டும். வீட்டில் கொடுத்தால் போதும். இவர் மத்தியானமும் கொடுப்பார். எதிர் டீக்கடை மாஸ்டர் இதற்கென்றே ஒரு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கொடுப்பார். சூடு அதிகமாகிவிடக்கூடாதே என்று அண்ணன் முதலில் மாஸ்டர் கன்னத்தில்தான் வைத்துப் பார்ப்பார். பிறகு ஃப்ளெக்ஸ் ரோல் மேல் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் கண்ணீர் அஞ்சலிக்கு வந்தவர்கள், முகத்தில் துணி போர்த்தி அசையாமல் கிடந்தவரைப் பார்த்துவிட்டு, "ஒங்க வீட்லயே ஒரு துக்கமாம்மா? நாங்க அப்புறமா வரோம்" என்று திரும்பிப் போய்விட்டார்கள்.

அவ்வப்போது தூரமாக எதையாவது பார்க்க வேண்டும். அண்ணன் தேர்ந்தெடுத்தது எதிர் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர் டேங்க். குறித்த நேரத்துக்கு வாசலில் வந்து நின்று பார்ப்பார், கூடவே கண்ணை இறுக்கி மூடித் திறப்பார். மாடியில் துணி காயப்போடுகிறவரின் கணவர் ஒரு நாள் இறங்கி வந்துவிட்டார்.

"யோவ், தினமும் வந்து கண்ணடிக்கிறியாமே."

"ரெண்டு கண்ணயும் சேத்துதாங்க மூடுறேன். கண்ணடிக்கிறவன் ஒண்ணத்தான மூடுவான்?"

அந்த மனிதர் கொஞ்சம் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது போல. மறுநாளிலிருந்து அண்ணன் தூரப் பார்வைக்குச் செல்போன் டவரைப் பார்த்தார்.

பஸ்ஸில் காற்று படக்கூடாது என்றதும், ஜன்னல் சீட்டை விடுவாரா என்றால் அதை மட்டும் விடவில்லை. மகள் நீச்சல் வகுப்புக்கு வாங்கி மூன்றே நாளில் கைவிட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "மாமா, வெள்ளாத்துல பாலம் இருக்கு. பஸ்ஸ தண்ணில எறக்க மாட்டோம்" என்றாராம். செல்வி அக்கா தலையிலடித்துக்கொண்டு, பக்கவாட்டிலும் மறைக்கிற சாதாரணக் கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்.

இத்தனை கூத்துக்கும் பலன் இருந்தது. ஒன்றிரண்டு மாதத்தில் கண் அறுப்பது குறைந்தது. எழுத்து தெளிந்தது. தண்ணீர் வழிவது மெல்ல மெல்ல நின்றது. அதில் கவலைப்பட்டவர் ஒருவர்தான். "கடைக்கு வரவங்கல்லாம் கேக்குறாங்கப்பா, முன்ன மாதிரி இல்லையேன்னு" என்று முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்தச் சொட்டு மருந்த மட்டும் அவுங்க வர்ற நேரமா பாத்து விட்டுக்கயேன். கொஞ்சம் வெளிய வழியிற மாதிரி."

அண்ணன் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆனால் விதி சம்மதித்துவிட்டது. அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்குப் போஸ்டர் அடிக்க சக்திவேல் வந்தார். அண்ணன் தலையை அண்ணாந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த நேரம். வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, "வா தம்பி" என்றார். சக்திவேல் மேஜை மேல் இருந்த மருந்து டப்பாவை எடுத்தார். என்ன மருந்து என்று என்னைக் கேட்டார். நானும் யோசிக்காமல் டாக்டர் சொன்னதையே சொல்லிவிட்டேன்: "செயற்கைக் கண்ணீர்."

சக்திவேல் முகம் மாறியது.

"அப்ப அன்னிக்கு எங்க அப்பாவுக்கு அழுததும் இதானா? பாட்டில்லேந்துதான் ஊத்தினீங்களா?"

"தம்பி, நான் சொல்றதக் கேளு."

"காரியத்துல மொத பந்தில ஒக்கார வச்சோம்ண்ணே ஒங்கள. எங்க அம்மா இன்னிக்கு வரைக்கும் சொல்லுது, அந்த ஆளு மாதிரி யாரும் வருத்தப்படலன்னு. வருசம் ஒண்ணாவப் போவுது, அது கண்ணுல தண்ணி இன்னும் நிக்கல. நீங்க கடைக்கு ஆள் சேக்க மருந்து ஊத்தினு நடிச்சிருக்கீங்க."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாபு மிஷினை நிறுத்திவிட்டார். அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் டப்பாவை வாங்கி மேஜையில் வைத்தார்.

"அழுததே இல்ல தம்பி நான். அன்னிக்கே சொன்னேன், கண்ணு பிரச்சனன்னு. நீ நம்பல. அத விடு. அம்மாவுக்கு ஒரு வருசமா தண்ணி வழியுதுன்னியே, கண்ணு எரியுதுன்னு எதனா சொல்லுதா?"

"அதுக்கு என்ன இப்ப?"

"சொல்லு தம்பி. தேய்க்குதா? காலைல எழுந்ததும் இமை ஒட்டிக்குதா? வெளிச்சத்துல கூசுதா?"

சக்திவேல் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் அம்மா வீட்டிலேயே முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை செய்கிறவர். பக்கத்திலேயே கொட்டை வறுக்கிற புகை நாள் முழுக்க. கண் எரிகிறது, மண் விழுந்த மாதிரி இருக்கிறது என்று சொல்வதுண்டுதான். ஆனால் புருஷன் போன துக்கத்தில் அழுது அழுது வந்தது என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆறுதல் சொல்லச் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் மருந்து டப்பாவைச் சக்திவேல் கையில் கொடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். கொடுக்கவில்லை. "இது எனக்குக் குடுத்தது. அம்மாவுக்கு என்னன்னு டாக்டர்தான் பாக்கணும். நாளைக்கே கூட்டினு வா. நானும் வரேன்" என்றார்.

போனார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, வறட்சியும் இமை ஓர வீக்கமும் என்றார் டாக்டர். புகையிலிருந்து தள்ளி உட்காரச் சொன்னார். ஒத்தடம், இமையைச் சுத்தம் செய்வது, சொட்டு மருந்து. அண்ணன் வாரா வாரம் போன் செய்து, "அம்மா, ஒத்தடம் குடுத்தியா? கண்ண அமுக்கக்கூடாது, மெதுவா நீவி விடணும்" என்று கேட்டபடியே இருந்தார். சில சமயம் சக்திவேலை விட இவரே அதிகம் பேசினார்.

ஒரு நாள் அந்த அம்மா கடைக்கு வந்தார். ஒரு பெரிய பலாப்பழத்தை சக்திவேல் ஆட்டோவிலிருந்து தூக்கி வந்து வைத்தார். அந்த அம்மா அண்ணன் எதிரில் உட்கார்ந்தார். கண் தெளிவாக இருந்தது.

"எல்லாரும் அழுவுற அழுவுறன்னு சொன்னாங்கப்பா. நானும் அழுவுறேன்னுதான் நெனச்சுக்கிட்டேன். சமைக்கும்போதும் வழியுது, தூங்கும்போதும் வழியுது. மனசு ஒரு பக்கம் இருக்குது, கண்ணு ஒரு பக்கம் போவுது. எனக்கே ஒண்ணும் புரியல."

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"எரிச்சல் இல்ல. ஊசியில நூலு கோத்துடறேன். போன வாரம் அவரு சட்டைய மடிச்சி வச்சேன். அப்ப ஒரு தடவ அழுதேன். அது நெசமா அவருக்காக அழுதது. எனக்குத் தெரிஞ்சுது."

 அண்ணன் எழுந்து, மிஷினுக்குப் பின்னால் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். பலாப்பழத்தை அறுக்கக் கத்தி தேடப் போனதாகச் சொன்னார். கையில் கத்தி இல்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நான் அந்தக் கடையை விட்டு எழுத்து வேலைக்கு வந்து கொஞ்ச காலம் ஆகிறது. அண்ணன் இன்னும் சிதம்பரத்திலிருந்து போய் வந்துகொண்டிருக்கிறார். குளிர்காலத்தில் கண் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், டாக்டரைப் போய்ப் பார்த்துச் சரி செய்துகொள்வார். கடையில் இப்போது அவர் பெயர் மாறிவிட்டதா என்று பாபுவிடம் கேட்டேன். "பேரு அதேதான். ஆளுதான் அழுவுறதில்ல" என்றார்.

நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்த பிறகு அவர் என்னை விடுவதில்லை. தினமும் மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். "தங்கச்சி, எழுதுனது போதும். ஃபேன் காத்து மூஞ்சில அடிக்குதா? எழுந்து ஜன்னலாண்ட போய் நில்லு." பின்னணியில் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும், யாரோ டீ கேட்பதும் கேட்கும். எத்தனையோ குரூப்பை ம்யூட்டில் போட்டுவைத்திருக்கிறேன். அவர் குரல் வந்தால் மட்டும் கையிலிருப்பதை வைத்துவிட்டு, கண்ணை முழுசாக மூடிக்கொண்டு, கடைசி வரை கேட்கிறேன்.